டைனமோ உரசாத டயர்

ஐப்பசி 3, புதன்

இன்று ஆயுத பூஜை. அரிவாள்மனை, அம்மி, வேணியின் புத்தகப் பை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துவிட்டுக் கடைசியாக என் மகன் தவசிமுத்துவின் சைக்கிளுக்கு வந்தேன். அதற்குத்தான் நேரம் பிடிக்கும். மில்லுக்கு ராத்திரி ஷிப்டு போகிற வண்டி அது. பின் சக்கரத்துக்கு நேற்றுத்தான் புது டயர் மாட்டினான். டயர் ஓரமெல்லாம் சின்னச் சின்ன ரப்பர் முடி பூனை மீசை போல நீட்டிக்கொண்டிருந்தது. பேத்தி வேணி அதைத் தடவித் தடவிச் சிரித்தாள்.

மருமகள் செல்லக்கனி அடுப்படியிலிருந்து, “வண்டிக்குச் செய்யிற பணிவிடையில பாதி எனக்குச் செஞ்சா நான் ஒரு சுத்துப் பெருத்திருப்பேன் அத்தே” என்றாள்.

“வண்டி எதுத்துப் பேசாதுடி” என்றேன்.

என் வீட்டுக்காரர் மில் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போனபோது அவர் சைக்கிளில் விளக்கு கிடையாது. இருட்டே எழுந்து குறுக்கே வந்த மாதிரி இருந்தது என்று லாரிக்காரன் கோர்ட்டில் சொன்னான். அன்றிலிருந்து டைனமோ இல்லாத சைக்கிளை நான் வாசல்படி ஏற விட்டதில்லை. சக்கரம் சுற்றினால் டைனமோ சுற்றும், டைனமோ சுற்றினால் விளக்கு எரியும். பேட்டரி தீர்ந்துபோச்சு என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனாலும் இந்தத் தெருவில் கடிதம், மனு, எது எழுத வேண்டும் என்றாலும் அரியநாச்சி வீட்டுக்குத்தான் வருவார்கள். என் எழுத்து அச்சுப் போல இருக்கும். வேணியின் போன வருஷ நோட்டில் மீந்த தாளில் இதை எழுதுகிறேன்.

ஆறரை மணிக்குத் தவசி கிளம்பினான். டைனமோவை டயரில் சாய்த்துவிட்டான். உர்ரென்று சத்தம், முன்னால் டூம் விளக்கில் மஞ்சள் வெளிச்சம். பத்து வீடு தள்ளி இருக்கிற பிள்ளையார் கோயில் திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசி 6, சனி

தூறல். வடகம் காயவில்லை. தவசி விடியும் முன்னால் வந்து படுத்துவிட்டான். வண்டியில் சகதி. மில் ரோடு தார் ரோடு. சகதி எங்கே ஒட்டியது என்று தெரியவில்லை. துடைத்து வைத்தேன்.

ஐப்பசி 11, வியாழன்

வண்டி துடைக்கும்போது பின் டயரைப் பார்த்தேன். ரப்பர் முடி எல்லாம் அப்படியே இருக்கிறது. வலது பக்கம் இருப்பது சரி. டைனமோ உரசுகிற இடது பக்கமும் இருக்கிறது. இரண்டு நாள் ஓடினாலே அந்த முடி உதிர்ந்து, டயரில் சாம்பல் நிறமாக ஒரு கோடு விழ வேண்டும். முன்னால் போட்ட டயரில் விழுந்தது.

மத்தியானம் அவன் எழுந்ததும் கேட்டேன்.

“பௌர்ணமி வந்துச்சுல்லம்மா. நெலா பால் மாதிரி அடிக்கிது. டைனமோவப் போட்டா பெடலு கல்லு மாதிரி கனக்கும். எதுக்கு மிதிச்சுச் சாகணும்?”

“உங்க அய்யாவும் இப்படித்தான் சொன்னாரு.”

“சரிம்மா, போடுறேன். இதுக்குப் போயி அய்யாவ இழுக்காத.”

பௌர்ணமிதான். நானும் பார்த்தேன். தெருவெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

ஐப்பசி 17, புதன்

இன்றைக்கு மாடக்கண்ணுவைக் கண்டபடி பேசிவிட்டேன். நாலு வீடு தள்ளி இருக்கிறவன். சைக்கிள் கேரியரில் தகர டின் கட்டிச் சேவு விற்கிறான். நெஞ்சு பலமில்லாத ஆள். பத்து மிதி மிதித்தால் ஒரு தரம் இறங்கி நிற்பான். அவன் வண்டியிலும் டைனமோ இருக்கிறது. பாரம் இழுக்கிறது என்று தூக்கித்தான் வைத்திருப்பான். மணியை மட்டும் விடாமல் அடித்துக்கொண்டு போவான்.

வேணிக்குச் சேவு பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டான். “தவசி இப்ப எந்த மில்லுக்குப் போறாப்ல மதினி?”

“எந்த மில்லா? ஊருல எத்தனை மில்லு இருக்கு?”

“இல்ல, ஆடியிலேயே ராத்திரி ஷிப்ட நிறுத்திட்டாகளே. சாயங்காலம் கேட்டுல பூட்டுத் தொங்குது. நான் அந்த வழியாத்தான வாறேன்.”

“நீ சேவு விக்கிறவன், சேவப் பாரு. மில்லு சமாச்சாரம் உனக்கு என்ன தெரியும்? வேலையில இருக்கிறவனப் பாத்தா உங்களுக்கெல்லாம் வயிறு எரியிது.”

அவன் டின்னை மூடினான். மணியை அடித்துக்கொண்டு போய்விட்டான்.

மில்லில் பின்பக்கம் ஒரு கேட் இருக்கிறது. அது வழியாகப் போகிறார்களாக இருக்கும்.

நிலா தேய்ந்து அரைக்கும் கீழே வந்துவிட்டது. டயரில் முடி அப்படியே இருக்கிறது.

ஐப்பசி 19, வெள்ளி

கேரியரில் ஒரு வாடை. புளித்த பழ வாடை. “மில்லுல புது எண்ணெய்ம்மா” என்றான். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். சாக்குத்துணியிலும் அதே வாடை. அதையும் அலசிக் காயப்போட்டேன்.

செல்லக்கனியிடம், “உனக்கு வாடை தெரியிதா?” என்று கேட்டேன்.

“எனக்கு ஜலதோசம் அத்தே” என்றாள். அவளுக்கு ஜலதோஷம் இல்லை.

ஐப்பசி 22, திங்கள்

நாளைக்குத் தீபாவளி. அதிரச மாவு பதமாக வந்தது. முறுக்கு கொஞ்சம் கருகிவிட்டது.

தவசி ஆறரைக்குக் கிளம்பினான். “நல்ல நாள்ல என்ன ஷிப்டு?” என்றேன். “இன்னைக்குப் போனாத்தான் நாளைக்கு லீவு” என்றான். கேரியரில் சாக்கு மூட்டை கனமாக இருந்தது. கழிவுப் பஞ்சு, மில்லில் திருப்பிக் கொடுக்கணும் என்றான். விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனான்.

அவன் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில், விளக்கு வைக்கிற வேளைக்கு, மாடக்கண்ணு வந்தான். போன வாரம் நான் பேசியதை மனதில் வைக்கவில்லை. வேணிக்கு ஒரு கூம்பு நிறையக் காராச்சேவு கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். வியாபாரத்தில் பாதி தூரம் வந்ததுமே மூச்சு வாங்குகிறதாம். வெந்நீர் கொடுத்தேன். ரேடியோவில் ஏழு மணிச் செய்தி முடிகிற வரைக்கும் இருந்தான். “அன்னைக்குத் தெரியாமச் சொல்லிட்டேன் மதினி” என்று எழுந்து போனான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஐப்பசி 23, செவ்வாய்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். தவசி நாளெல்லாம் தூங்கினான்.

ஐப்பசி 24, புதன்

மலையடிவாரத்தில் ஊசிமேட்டில் ஏழு பேர் செத்துப்போனார்கள். தீபாவளிக்குச் சாராயம் குடித்தவர்கள். நேற்று மத்தியானமே ஒருத்தன், கண்ணுக்குள்ள பனி இறங்குது, எதுவும் தெரியல என்று சுவரைத் தடவிக்கொண்டு வந்தானாம். அப்புறம் ஒவ்வொருத்தராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் கிடக்கிறார்களாம்.

என் வீட்டுக்காரருக்குக் குழி வெட்டிய சடையனும் போய்விட்டான். அன்றைக்கு மழை. முழங்கால் தண்ணீரில் நின்று வெட்டினான்.

சேதி கேட்டதிலிருந்து தவசி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிப் படுத்திருக்கிறான். காய்ச்சல் என்கிறான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

கேரியரை இன்னொரு தரம் புளி போட்டுத் தேய்த்தேன்.

ஐப்பசி 25, வியாழன்

ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து சாவடியில் தமுக்கு அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். தீபாவளிக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்து ஆறே முக்கால் வாக்கில், விளக்கு எரியாத சைக்கிள் ஒன்று கம்மாய்க்கரை மேல் ஊசிமேட்டுக்குப் போனதை ஆடு மேய்க்கிறவர் பார்த்திருக்கிறார். ஆள் முகம் தெரியவில்லை. முன்னால் டூம் இருந்தது, எரியவில்லை. பின்னால் பாரம் இருந்தது. அதனால் டைனமோ வைத்த சைக்கிள் எல்லாம் நாளைக் காலை சாவடிக்கு வர வேண்டும்.

“டைனமோ ஓடுற வண்டிக்கு டயருல கோடு விழுந்திருக்கும்” என்றார் ஏட்டு. “டைனமோவ மாட்டி வச்சுக்கிட்டு ஓட்டாம இருக்கான்னா அவன் இருட்டுல போறவன். கோடு சொல்லிரும் எனக்கு.”

வீட்டுக்கு வந்தேன். நம் வண்டியின் டைனமோ சரியாக ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்று தோன்றியது. பின்கட்டில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். டைனமோவை டயரில் சாய்த்துவிட்டுப் பெடலைக் கையால் சுற்றினேன். நன்றாகத்தான் எரிந்தது. பகல் வெளிச்சத்தில் டூமுக்குள் கம்பி மட்டும் சிவந்து தெரிந்தது.

ஒன்பது மணியிலிருந்து பார்த்தேன். மீசை முடி ஒவ்வொன்றாக உதிர்ந்தது. பத்து மணிக்கு உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு பார்த்தேன். பதினொன்றரைக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

செல்லக்கனி வந்தாள். என்ன அத்தே செய்றீக என்று கேட்கவில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து பெடலைப் பிடித்தாள். அவள் கை என் கையைவிட வேகம். ரப்பர் கருகுகிற வாடை பின்கட்டு முழுக்க நின்றது. வேணி பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் கோடு நன்றாக விழுந்துவிட்டது.

கீழே கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தது. கூட்டி அடுப்புக்குள் போட்டுவிட்டு, தரையில் சாணி தெளித்தேன்.

டைனமோவில் ஒரு கோளாறும் இல்லை.

ஐப்பசி 26, வெள்ளி

சாவடி முன்னால் ஒன்பது சைக்கிள் நின்றது. ஊரே கூடிவிட்டது. ஏட்டு ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தார்.

தவசி வண்டிக்கு வந்தபோது டயரை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். விரலைப் பார்த்தார். கறுப்பாக இருந்தது.

“மில்லா?”

“ஆமாங்கய்யா.”

“அவுக அய்யா காலத்துலயிருந்தே மில்லு வீடுங்க” என்று நான் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை.

“நல்லா ஓடியிருக்கு. நீ போ.”

கடைசி வண்டி மாடக்கண்ணுவுடையது. டைனமோ தலையில் துரு. தொட்டால் அசையவில்லை. டயரில் கோடு இல்லை. கேரியரில் டின் தழும்பு.

“டூம் எரியுமா?”

“எரியாதுங்கய்யா. நெஞ்சு பலமில்ல. டைனமோவப் போட்டா மிதிக்க முடியாது. அதான் மணி அடிச்சுக்கிட்டே போவேன்.”

“இருட்டுல என்னத்தடா கொண்டு போவ?”

“சேவுங்க. காராச்சேவு, இனிப்புச் சேவு. டின்ன மோந்து பாருங்க அய்யா, பூண்டு வாசந்தான் அடிக்கும்.”

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஏட்டு சிரிக்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்தார். மாடக்கண்ணு கூட்டத்தைப் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். என்னிடம் வந்ததும், “மதினி, நீங்களாச்சும்…” என்றான். அதற்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சாவு பதினொன்று ஆகிவிட்டது.

ஐப்பசி 28, ஞாயிறு

மாடக்கண்ணு பெண்சாதி இருளாயி விடிந்ததும் வந்துவிட்டாள். நாளைக்குக் கலெக்டர் ஆபீசில் மனு நாள். மனு எழுதித் தர வேண்டும் என்றாள். கையில் முழுத்தாள் இரண்டு வைத்திருந்தாள். ஈரம் படாமல் இருக்கச் சேலைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

எழுதினேன். என் கணவர் நல்லவர், குடிக்கிற பழக்கம் இல்லாதவர், நெஞ்சு நோய்க்காரர், சேவு விற்றுப் பிழைப்பவர், பொய்யாகப் பிடித்துப் போயிருக்கிறார்கள், கருணை காட்ட வேண்டும் என்று எழுதினேன். பிழை ஒன்றுகூட இல்லை.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதினதை முழுக்க வாசித்துக் காட்டாமல் யாரிடமும் ரேகை வாங்க மாட்டேன். இருபது வருஷமாக அப்படித்தான். வாசித்துக் காட்டினேன். இருளாயி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், “அது வரலையே மதினி” என்றாள்.

“எது?”

“அன்னைக்குப் பொழுது சாஞ்சு அவுக உங்க வாசல்லதான உக்காந்திருந்தாக. ரேடியோச் செய்தி கேட்டேன், அரியநாச்சி மதினி வெந்நித் தண்ணி குடுத்தாகன்னு வந்து சொன்னாகளே. அத எழுதுங்க. நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக. நீங்க பாத்ததாச் சொன்னா கலெக்டரு கேப்பாரு.”

“மனு ஒரு பக்கத்துக்குள்ள இருக்கணும் இருளாயி. நீளமா எழுதுனா வாசிக்க மாட்டாக.”

“கீழ இம்புட்டு இடம் இருக்கே.”

“அது ரேகை வைக்கிற இடம்.”

பெருவிரலை நீட்டினாள். ஸ்டாம்பு பேடில் அழுத்தி ரேகை வைத்தேன். விரலில் பச்சை மிளகாய் வாடை.

அந்த வரியை எழுதினால் மறுபடி ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பார்கள். ஒரு பக்கத்துக்குள் இருப்பதுதான் மனுவுக்கு அழகு. அதனால்தான் விட்டேன்.

ஐப்பசி 29, திங்கள்

மனு கொடுத்துவிட்டாளாம். வாங்கி வைத்துக்கொண்டார்களாம். உளுந்து ஊறப்போட்டேன்.

ஐப்பசி 30, செவ்வாய்

குழாயடிக்கு மாடக்கண்ணு வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்று வேணியைக் குடத்தோடு அனுப்பினேன்.

கார்த்திகை 2, வியாழன்

இருளாயி ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தெருவில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொன்னாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

நிற்க முடியவில்லையாம். உள்ளங்கால் இரண்டும் வீங்கி, சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்களாம். இருமினால் ரத்தம் வருகிறதாம்.

“ஒத்துக்கிட்டாராம்ல?” என்று யாரோ கேட்டார்கள்.

“என்னத்த ஒத்துக்கிட்டாரு? ஒரு தாளக் கொண்டாந்து வச்சுக் கட்டவிரலப் பிடிச்சு அமுக்கிட்டாக. என்ன எழுதியிருக்குன்னு கேட்டாராம். வாசிச்சுக் காட்டலையாம். ‘எங்க அரியநாச்சி மதினியெல்லாம் வாசிச்சுக் காட்டித்தான் ரேகை வாங்குவாக’ன்னு சொன்னாராம். அதுக்கும் ஒரு அடியாம்.”

கதவைச் சாத்திவிட்டேன்.

கார்த்திகை 3, வெள்ளி

தவசி கண்ணாடியை ஜன்னலில் வைத்து முகம் வழித்துக்கொண்டிருந்தான். பத்து நாளில் இன்றைக்குத்தான் வழிக்கிறான். கேரளாவில் மரக்கடைக்கு ஆள் கேட்கிறார்களாம், திங்கட்கிழமை பத்து மணி பஸ்ஸுக்குப் போகிறானாம்.

“எதுக்குப் போற?” என்றேன்.

“இங்க என்ன இருக்கு?”

“மில்லு இருக்கே.”

கத்தியைக் கீழே வைத்தான். பாதி முகத்தில் சோப்பு நுரை. “ஆடியிலேயே வேலை போச்சு. உங்கிட்ட எப்பிடிச் சொல்ல? மில்லு வீடு, மில்லு வீடுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு நின்ன. பகல்ல வீட்டுல இருந்தா ஏன்டா போகலன்னு கேப்ப. ராத்திரி ஷிப்டுன்னு சொன்னேன். பொறவு ராத்திரி போறதுக்கு ஒரு வேலை வேணும்ல?”

“சாராயமா?”

“நான் சாராயம் காய்ச்சுறதில்லம்மா. காய்ச்சுறவன் டியூபுல ஊத்திக் கட்டிக் குடுப்பான், நான் கொண்டுபோய்க் குடுப்பேன். அம்புட்டுத்தான். அன்னைக்கு அவன் என்னத்தக் கலந்தான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

“விளக்க ஏன்டா போடல?”

“விளக்கப் போட்டா ஊரே பாக்கும். நீ நின்னு பாக்குற வரைக்கும் போடுவேன். கோயில் திருப்பம் தாண்டுனா டைனமோவத் தூக்கி விட்டுருவேன்.”

அந்தத் திருப்பம் வரைக்கும் வந்த வெளிச்சம் எனக்காக மட்டும் எரிந்தது.

“மாடக்கண்ணு நெஞ்சு நோய்க்காரன்” என்றேன். “செத்துப் போவான்.”

“நான் போய் நின்னா என்னத் தூக்குல போடுவான். பதினோரு பேரும்மா. உனக்கு மகன் வேணுமா, சேவுக்காரன் வேணுமா?” நுரையை வழித்து எறிந்தான். “அதோட, டயரு கோட்ட நானா போட்டேன்? நீங்க ரெண்டு பேரும்தான உக்காந்து தேச்சீக? நான் போர்வைக்குள்ள இருந்து சத்தத்தக் கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்.”

செல்லக்கனி அடுப்படி வாசலில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

ஐப்பசி 25 அன்று எழுதியதை எடுத்து வாசித்துப் பார்த்தேன். டைனமோ சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேனாம். பொய்யை அச்சு மாதிரி எழுதியிருக்கிறேன்.

கார்த்திகை 5, ஞாயிறு

தவசி பஸ் செலவுக்குக் கடன் கேட்கப் போயிருந்தான். வேணியை அவள் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பினேன். இருளாயியைக் கூப்பிட்டுவரச் செல்லக்கனியிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“அத்தே, வேணிக்கு அப்பா இல்லாமப் போயிரும்.”

“இருளாயிக்கும் மூணு பிள்ளைங்க.”

சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மனுவை முன்பே எழுதி வைத்திருந்தேன். இருளாயி வந்து தரையில் உட்கார்ந்தாள். ஸ்டாம்பு பேடைத் தேடினாள். “மொதல்ல வாசிக்கிறேன்” என்று வாசித்தேன்.

“ஐயா அவர்களுக்கு, அரியநாச்சி எழுதிக்கொள்வது. மாடக்கண்ணு தீபாவளிக்கு முந்தின நாள் விளக்கு வைத்த நேரத்திலிருந்து ரேடியோவில் ஏழு மணிச் செய்தி முடியும் வரை என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வெந்நீர் கொடுத்தேன். அந்த நேரம் கம்மாய்க்கரையில் விளக்கில்லாமல் சைக்கிளில் போனவன் என் மகன் தவசிமுத்து. அவன் வண்டியின் டயரில் டைனமோக் கோடு இல்லாமல் இருந்தது. சாவடிக்கு வருவதற்கு முந்தின நாள் வண்டியை ஸ்டாண்டில் போட்டுக் கையால் சுற்றிக் கோடு போட்டவள் நான். வேறு யாரும் இல்லை. சரக்கைக் கொடுத்தவன் யாரென்று என் மகனுக்குத் தெரியும். மாடக்கண்ணுவை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.”

இருளாயி அசையவில்லை. அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன்.

“நடுவுல ஒரு வரி வந்துச்சே. கையால சுத்தின்னு. அத இன்னொருக்க வாசிங்க.”

வாசித்தேன்.

“இன்னொருக்க.”

வாசித்தேன். விரலை வரி மேல் வைத்து நகர்த்தினேன்.

“என்னைக்குச் சுத்துனீக?”

“வியாழக்கிழமை.”

“வெள்ளிக்கிழமை அவுகளப் பிடிச்சாக. ஞாயித்துக்கிழமை நான் இதே இடத்துல உக்காந்து ரேகை வச்சேன்.” விரலை மடக்கி எண்ணினாள். “பத்து நாளு மதினி. பத்து நாளும் அடி வாங்கியிருக்காக.”

நான் ஸ்டாம்பு பேடை நகர்த்தினேன். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

“என் ரேகை எதுக்கு? இது உங்க மனு. உங்க கையெழுத்தப் போடுங்க.”

போட்டேன். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது. நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். தாளை மடித்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“அவன் ஓடிப் போயிட்டா இந்தத் தாளு வெறுந்தாளு. அதையும் நீங்கதான் பாத்துக்கிடணும்.”

கார்த்திகை 6, திங்கள்

இருளாயி முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வேணியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அப்பாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போ என்றேன். எதுக்கு அப்பத்தா என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள்.

தவசி ஒன்பது மணிக்கே பையைக் கட்டிவிட்டான். “சாப்பிட்டுப் போ. எப்ப வருவியோ” என்றேன். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. அரிசியை நான் நேரங்கழித்துத்தான் உலையில் போட்டேன். விறகும் ஈர விறகாகப் பார்த்து வைத்தேன். பத்து மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது சோறு பாதிதான் வெந்திருந்தது.

“போச்சு, பஸ்ஸ விட்டாச்சு” என்றான்.

“ஒரு மணிக்கு அடுத்தது இருக்குல்ல. அதுல போய்க்க.”

“எம் மேல கோவமாம்மா?”

“இல்ல. உக்காரு.”

இலை போட்டேன். செல்லக்கனி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. புகை என்று அவன் நினைத்துக்கொண்டான். சின்ன வயதில் போலக் குழம்பில் சோற்றை நன்றாகப் பிசைந்து, பெரிய கவளமாக எடுத்துச் சாப்பிட்டான். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

“இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா” என்றான்.

ஊற்றினேன்.